நகர அருங்காட்சியகம் ஊர் கூடும் இடமாவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், கரூர் ஆகிய நகரங்களில் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அவை இருப்பதே ஊர்க்காரர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையாக அழைத்துச் செல்லப்பட்டபோது ஒருமுறை பார்த்ததோடு சரி. கொங்கு நாட்டு நகரம் ஒன்றின் அருங்காட்சியகத்தைப் புதுப்பித்து, விரிவாக்கி, மக்கள் வந்து உட்கார்ந்து பேசிப் போகும் பொது இடமாக்க வேண்டும் என்று யாரேனும் சொல்லும்போது ஒரே வகையான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த நகரத்தின் அறிவிக்கப்பட்ட திட்டத்தையும் பற்றியதன்று இது. இந்த வேலையில் இறங்கும் எந்த ஊரும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டியவை இவை.

ஊர் கூடும் இடம் என்றால் இன்னொரு கல்யாண மண்டபமா?

இல்லை. நம் பக்கத்தில் கூடுவதற்கு இடம் என்றாலே வாடகை மண்டபம்தான் நினைவுக்கு வருகிறது என்பதால் இந்தச் சந்தேகம் எழுவதில் வியப்பில்லை. மண்டபத்துக்கு அழைப்பிதழ் பெற்றவர் போகிறார்; கடைவீதிக்கு வாங்கும் எண்ணமுள்ளவர் போகிறார்; கோயிலுக்கு வழிபடுகிறவர் போகிறார். காசு செலவழிக்காமல், யாரும் அழைக்காமல், என்ன சாதி என்ன கட்சி என்ற கேள்விக்கு ஆளாகாமல் ஒரு மணி நேரம் நிழலில் உட்கார ஒருவருக்கு நூலகத்தையும் பூங்காவையும் விட்டால் நம் நகரங்களில் வேறிடம் அரிது. அருங்காட்சியகம் அந்த வரிசையில் சேர வேண்டும் என்பதே கோரிக்கை. அங்கே கூடுகிறவர்கள் நடுவில் ஊரின் பழம்பொருள்கள் இருக்கும். பேச்சு அவற்றிலிருந்து தொடங்கலாம், தொடங்காமலும் போகலாம்.

இது வெளிநாட்டு யோசனை அல்லவா? நமக்குப் பொருந்துமா?

உலக அருங்காட்சியகங்களின் பேரவை 2022 ஆகஸ்டு 24 அன்று பிராக் நகரில் ஏற்றுக்கொண்ட புதிய வரையறை, அருங்காட்சியகம் எல்லோரும் அணுகக்கூடியதாகவும் சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவதாகவும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதைப் பார்த்து இந்த யோசனை அங்கிருந்து வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நம் மாநிலத்தின் பழைய கதை வேறு. சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கி, 1854இல் எழும்பூரில் பாந்தியன் எனப்பட்ட இடத்துக்கு மாறியது. பாந்தியன் அதற்கு முன்பு விருந்தும் நடனமும் கேளிக்கையும் நடந்த கூடுமிடம். அங்கே கூடியவர்கள் வெள்ளையர்கள்தாம். நம்மவர்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னர் அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகமும் அருங்காட்சியக அரங்கமும் 1896இல் எழுந்தன. பழம்பொருள், புத்தகம், நாடக மேடை ஆகிய மூன்றும் ஒரே மதிலுக்குள் இருந்தால் ஆட்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவார்கள் என்ற எண்ணம் நூற்றாண்டுக்கு முன்பே இங்கே கட்டடமாகியிருக்கிறது.

மாநகராட்சிக்குச் சொந்தமான அருங்காட்சியகம் ஒன்று மீண்டதற்கு மும்பை நல்ல எடுத்துக்காட்டு. பைக்குல்லாவில் 1872இல் திறக்கப்பட்ட, இன்று பாவு தாஜி லாட் என்ற பெயர் தாங்கிய அருங்காட்சியகம் கவனிப்பின்றிச் சிதைந்திருந்தது. மாநகராட்சியும், மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பும், ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளையும் 2003இல் முத்தரப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டடத்தை மீட்டன. 2005இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. 2008இல் மக்களுக்குத் திறந்தது. உடைமை மாநகராட்சியிடமே இருக்க, பொறுப்பைப் பிரித்துக்கொண்டார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வைப்பறையிலிருந்து. இந்த விடை பெரும்பாலோருக்கு ஏமாற்றம் தருகிறது. முகப்பின் வரைபடத்தைப் பார்க்கும் ஆவலோடு வந்தவரிடம் பூட்டிய அறையின் இரும்பு அலமாரியைப் பற்றிப் பேசினால் அப்படித்தான் இருக்கும். ஆயினும் எந்த அருங்காட்சியகத்திலும் காட்சிப் பேழைகளில் இருப்பதைவிட வைப்பறையில் இருப்பது அதிகம். அங்கே மூட்டையாகக் கட்டிவைத்த பானை ஓடுகளும், சுவரில் சாய்த்துவைத்த கற்களும், செய்தித்தாளில் சுற்றிய சுவடிகளும், எண் அழிந்துபோன செப்புக்காசுகளும் கலந்து கிடக்குமானால், எவ்வளவு பெரிய புதுக்கூடம் கட்டினாலும் அதில் எதை வைப்பது என்பது யாருக்கும் தெரியாது.

ஆகவே முதல் ஓராண்டு சுவரில் கைவைக்காமல் பதிவேட்டைச் சரிபார்ப்பதில் போக வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒளிப்படம், அளவு, எங்கே எப்போது கிடைத்தது என்ற குறிப்பு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு. எங்கே கிடைத்தது என்ற வரிதான் மிக முக்கியம். காசு ஒன்று கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று தெரிந்தால் அது சேரர் வரலாற்றின் சான்று; இடம் தெரியாவிட்டால் அது வெறும் பழைய செம்பு. இந்த வேலையைக் காப்பாட்சியர் ஒருவரும் காவலர் இருவரும் மட்டும் உள்ள நிறுவனத்தால் தனியே செய்ய முடியாது. கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களைப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஊர் மக்கள் அருங்காட்சியகத்துக்குள் முதலில் நுழைய வேண்டியது திறப்பு விழாவில் அன்று, இந்தக் கணக்கெடுப்பில்தான் என்பது என் கருத்து. ஒரு பானையைத் தன் கையால் அளந்து எழுதிய மாணவி, பின்னாளில் தன் வீட்டாரை அழைத்து வந்து அதைக் காட்டாமல் இருக்க மாட்டாள்.

பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் செலவு குறையுமே?

சில இடங்களில் குறையலாம். அருங்காட்சியகம் இருப்பது முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய சாதாரணக் கான்கிரீட் கட்டடமானால் அதன் மீது பாசம் கொள்ளத் தேவையில்லை. பொறியாளர் சோதித்துச் சொல்வதைக் கேட்கலாம். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய, நூறாண்டு கடந்த கட்டடமானால் கதை வேறு. கோவை டவுன்ஹாலில் 1892இல் கட்டிய விக்டோரியா மண்டபத்தில் மாமன்றக் கூட்டங்கள் நடந்துவந்திருப்பதைப் பார்க்கும்போது, அக்காலக் கட்டடங்களைப் பராமரித்தால் பயன்படுத்த முடியும் என்பது விளங்கும்.

இத்தகைய கட்டடங்களைப் பெரும்பாலும் கெடுப்பது வயதைவிடப் பழுதுபார்த்த முறைதான். சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை உள்வாங்கி வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டு பூசியதும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. சில ஆண்டுகளில் உப்புப் பூத்து, பூச்சு உப்பி, செங்கல் பொரிந்து உதிர்கிறது. அதைப் பார்த்துவிட்டு, கட்டடம் பழுதாகிவிட்டது, இடிக்க வேண்டும் என்கிறோம். சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசுவதே உரிய பரிகாரம். அந்தக் கை வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு. அதனால்தான் இவ்வேலையை மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுப்பது என்ற ஒரே அளவுகோலால் தீர்மானிக்கக் கூடாது. தொழில்நுட்பத் தகுதியை முதல் உறையிலும் விலையை இரண்டாம் உறையிலும் கேட்கும் முறை அரசு ஒப்பந்தங்களில் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. பழைய சுண்ணாம்பு வேலை செய்த முன் அனுபவத்தை முதல் உறையில் கட்டாயமாக்கினால் போதும்.

புதிதாகச் சேர்க்கும் பகுதி எப்படி இருக்க வேண்டும்?

கண்ணாடியால் போர்த்திய பெட்டியைப் போல் இருக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வெயிலுக்கு அது அடுப்பு. அதைக் குளிர்விக்கும் மின்கட்டணத்தைக் காலமெல்லாம் கட்ட வேண்டியிருக்கும்.

கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். தெருவை ஒட்டித் திண்ணை. உள்ளே நுழைந்ததும் வந்தவரை உட்காரவைக்கும் ஆசாரம். நடுவில் வானம் பார்த்த வாசல். அதைச் சுற்றித் தாழ்வாரம். அதற்கும் உள்ளே அறைகள். யார் எதுவரை வரலாம் என்பதை அந்த வீடு கதவைவிடப் படியாலும் நிழலாலும் சொல்லிவிடும். திண்ணையில் முன்பின் தெரியாத வழிப்போக்கரும் உட்காரலாம். (யாரைத் திண்ணையில்கூட ஏறவிடவில்லை என்ற வரலாறும் அதே வீட்டுக்கு உண்டு. வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம், வழக்கத்தை அன்று.) அருங்காட்சியகத்தின் விரிவாக்கத்துக்கு இதே அடுக்கு பொருந்தும். தெருவோரம் மதிலை இடித்துவிட்டு, சீட்டு வாங்காமலே உட்காரக்கூடிய நீண்ட திண்ணை; அதையடுத்துக் கூட்டம் நடத்தவும் கதை கேட்கவும் ஓர் ஆசாரம்; பிறகு மரம் நிற்கும் வாசல்; அதைச் சுற்றிக் காட்சிக்கூடங்கள்; யாரும் எளிதில் போகாத கடைசி மூலையில் வைப்பறை.

திசையையும் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் பல்லடத்துக்கும் குளிர்ச்சியோடு புழுதியையும் கொண்டுவருகிறது. மேற்குப் பக்கம் முழுவதும் திறந்துவைத்தால் காட்சிப் பேழையின் மேல் விரலால் பெயர் எழுதலாம். மேற்கே மரங்களும் கனத்த சுவரும், காற்றைத் திருப்பிவிடும் சிறு திறப்புகளும் இருக்கட்டும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் பற்றி ஒரு கணக்கு. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. பழைய கட்டடத்தின் அடித்தளம் தரையிலிருந்து 3 அடி உயரமானால் சாய்தளத்துக்கு 36 அடியும், இடையில் நின்று மூச்சுவாங்கச் சமதளமும் வேண்டும். கடைசியில் நினைவு வந்து கட்டினால் அது செங்குத்தாகத்தான் அமையும். அதில் ஏறுவதைவிட உறவினர் நால்வர் தூக்கிச் செல்வதே மேல் என்று ஆகிவிடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பின் இது சலுகையன்று, உரிமை. வரைபடத்தின் முதல் கோட்டிலேயே சாய்தளம் இருக்க வேண்டும்.

எல்லா இடத்துக்கும் குளிர்சாதனம் வேண்டுமா?

வேண்டாம். பொருள்களுக்குக் குளிர்ச்சியைவிட நிலையான தன்மையே தேவை. பகலில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு மாலை 5 மணிக்கு நிறுத்திப் பூட்டிச் சென்றால், இரவெல்லாம் ஈரமும் வெப்பமும் ஏறி இறங்கி மரத்தையும் சுவடியையும் வெடிக்கவைக்கும். அதற்குக் குளிர்சாதனமே இல்லாதிருப்பது நல்லது. துணி, ஓலைச்சுவடி, காகிதம் ஆகியவற்றுக்கு ஒரு சிறிய அறையை மட்டும் இரவும் பகலும் ஒரே நிலையில் வைத்திருக்கலாம். துருப்பிடிக்கும் இரும்புப் பொருள்களுக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப் புகாத பேழை போதும். கல்லுக்கு ஒன்றும் வேண்டாம்.

வெளிச்சத்தில் கூடுதல் கவனம் தேவை. சாயமிட்ட துணியின் மேல் 50 லக்ஸுக்கு மேல் ஒளி விழக் கூடாது என்பது பொதுவான அளவு. நேர் வெயில் பல்லாயிரம் லக்ஸ். சன்னலோரம் தொங்கவிட்ட பழஞ்சேலை சில கோடைகளில் வெளுத்துவிடும். வெளுத்த நிறத்தை மீட்கும் மருந்து எதுவும் இல்லை.

ஆட்கள் கூடினால் பொருள்கள் கெட்டுப்போகாதா?

கெடும், இடத்தைப் பிரிக்காவிட்டால். பறையும் தவிலும் ஒலிபெருக்கியும் எழுப்பும் அதிர்வில் கண்ணாடித் தட்டின் மேல் இருக்கும் சிறு பொருள்கள் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். சிந்திய தின்பண்டம் எறும்பையும் கரப்பானையும் அழைக்கும். அவற்றுக்குப் பின்னால் சுவடியைத் தின்னும் பூச்சிகளும் வரும். எனவே இசை வாசலோடு நின்றுவிட வேண்டும்; உணவு வாசலுக்கு வெளியேதான். காட்சிக்கூடத்துக்குள் தண்ணீர்ப் புட்டிகூட வேண்டாம்.

பார்வையாளர்களைக் குறை சொல்வதற்கு முன் நம் சடங்குகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திறப்பு விழாவன்று சிற்பக்கூடத்தின் நடுவிலேயே குத்துவிளக்கு ஏற்றுகிறோம். எண்ணெய்ப் புகை கூரையில் படிகிறது. ஆயுத பூசையன்று காட்சியில் இருக்கும் கற்சிலைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெண்கலத்தைப் புளி போட்டுத் துலக்கிப் பளபளக்கவைத்த அன்பும் உண்டு. அந்தப் பளபளப்போடு, உலோகத்தைக் காத்துநின்ற பாசி நிறப் படலமும் போய்விடும். இவை எவற்றிலும் கெட்ட எண்ணம் இல்லை. விளக்கை வாசலில் ஏற்றலாம், பூசையை அலுவலக அறையில் செய்யலாம் என்று எழுதிவைத்துவிட்டால் முடிந்தது.

நம் ஊரில் காட்டுவதற்கு அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியை ஊர்க்காரர்களே கேட்பதுதான் வருத்தம். நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு அருகில் இருக்கும் கொடுமணலை எடுத்துக்கொள்வோம். பதிற்றுப்பத்து அதைக் ‘கொடுமணம்’ என்று அணிகலன்களுக்காகப் பாடுகிறது. அகழாய்வில் அங்கே இரும்பு உருக்கிய உலைகளும், பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றை அறுத்து, துளையிட்டு, மெருகேற்றிய மணிகளும், முடியாமல் பாதியில் நின்ற மணிகளும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. காங்கேயத்தை அடுத்த படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டிலேயே ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்தது. இந்த மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால், படியூரின் கல் கொடுமணலில் மணியாகி, கணவாய் தாண்டி மேலைக்கடற்கரைத் துறைமுகத்துக்குப் போய், வெள்ளிக்காசாகத் திரும்பிவந்த வழியை ஒரு பத்து வயதுக் குழந்தை விரலால் தொட்டுப் பின்தொடரலாம். இன்று அவை தனித்தனிப் பேழைகளில், ‘மணிகள்’, ‘காசுகள்’ என்ற இரண்டு அட்டைகளுக்குக் கீழே கிடக்கின்றன.

கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேர மன்னர் மூன்று தலைமுறையைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ஈரோட்டுக்கு அருகே அறச்சலூரில் தாள எழுத்துகளைக் கட்டமாகப் பொறித்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. மலையைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது, கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்த மைப்படியைத் தொங்கவிடலாம். அறச்சலூர் மைப்படிக்குப் பக்கத்தில் ஒரு பலகையை வைத்து, அந்த எழுத்துகளை வாசித்தபடியே தாளம் தட்டிப் பாருங்கள் என்று எழுதிவிட்டால், கல்வெட்டு என்றாலே கொட்டாவி விடும் பிள்ளைகளும் நின்று தட்டுவார்கள்.

அண்மைக் காலத்தை மறக்கக் கூடாது. கோவையில் 1888இல் தொடங்கிய முதல் நூற்பாலை, 1930களில் வந்த பைக்காரா மின்சாரம், அதன் பின் பெருகிய பஞ்சாலைகள், கிணற்றுக்கு மோட்டார் வந்ததும் நின்றுபோன, காளை பூட்டி நீர் இறைத்த கவலை ஏற்றம், வார்ப்படப் பட்டறைகள், திருப்பூரின் பனியன் கம்பெனிகள் ஆகியவற்றையும் சேர்த்தால்தான் இன்றைய ஊர் தன்னை அடையாளம் காணும். பஞ்சாலையில் நாற்பதாண்டு வேலை செய்து ஓய்வுபெற்றவர் இன்றும் நம் தெருவில் இருக்கிறார். அவருடைய அடையாள அட்டையும், அந்தக் காலத்துக் கூலிச் சீட்டும், அவர் பேசும் குரலும் அருங்காட்சியகப் பொருள்கள்தாம்.

யாருடைய வரலாறு காட்டப்படும்?

இதை வெளிப்படையாகப் பேசாவிட்டால் கூடும் இடம் கூடாமலே போய்விடும். ஒரே ஒரு பொருளை வைத்துச் சொல்கிறேன். கவலை ஏற்றத்தைக் காட்சிக்கு வைக்கும்போது அட்டையில் காளையின் இனமும் கிணற்றுக்குடையவரின் பெருமையும் இடம்பெறும். நீர் அள்ளும் சாலில் பொருத்தும் தோல் வாலைத் தைத்துக் கொடுத்த அருந்ததியரின் பெயர் வராது. அவர்கள் கை வைக்காமல் ஒரு சொட்டுத் தண்ணீரும் மேலே ஏறியிருக்காது. அட்டையில் இரண்டு வரி சேர்ப்பதற்குக் கூடுதல் பணம் ஆகாது. யாரைக் கேட்டு எழுதுகிறோம் என்பதை மாற்ற வேண்டும், அவ்வளவே. அதுபோலவே மலையடிவாரத்து இருளர்களின் இசைக்கருவிகளைப் பற்றி இருளர்களே பேச வேண்டும்.

கசப்பான பக்கங்களும் உண்டு. கோவைச் சிறையில் வ.உ. சிதம்பரனாரைச் செக்கிழுக்கவைத்ததை எல்லோரும் ஒருமனதாக நினைவுகூர்கிறோம். அதே சிறையில் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் பஞ்சாலைத் தொழிலாளர் நால்வரைப் பற்றிப் பேசும்போது அந்த ஒருமனம் இருப்பதில்லை. ஆலை முதலாளிகளின் நன்கொடையில் எழும் கூடத்தில் ஆலைத் தொழிலாளரின் போராட்டத்துக்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு, நன்கொடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, எழுத்தில் விடை வேண்டும்.

தோட்டங்களில் நிற்கும் புலிகுத்திக் கற்களையும் நடுகற்களையும் கொண்டுவந்து வைக்கலாமா?

யாரும் கண்டுகொள்ளாமல் சாலை விரிவாக்கத்தில் புதையப்போகும் கல்லானால் உரிய துறையின் அனுமதியோடு கொண்டுவரலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பொங்கல் வைத்து வணங்கப்படும் கல்லானால் அது ஏற்கெனவே தன் இடத்தில்தான் இருக்கிறது. ஒளிப்படமும் வரைபடமும் போதும். அந்த ஊருக்கு ஒரு நாள் பயணம் ஏற்பாடு செய்வது அதைவிடச் சிறப்பு.

எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும்?

அரசு அருங்காட்சியகங்கள் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை விட்டு, மற்ற நாள்களில் மாலை 5 மணிக்கு மூடிவிடுகின்றன. பனியன் கம்பெனியிலும் பட்டறையிலும் வேலை செய்பவர் அந்த நேரத்தில் எப்படி வர முடியும்? காட்சிக்கூடம் 5 மணிக்கு மூடினாலும் திண்ணையும் ஆசாரமும் வாசலும் இரவு 9 மணி வரை திறந்திருக்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை காட்சிக்கூடத்தையும் திறந்துவைக்கலாம். தொட்டிக்கட்டு அடுக்கின் பயன் இங்கேதான் தெரியும். முன்பகுதியைத் திறந்து பின்பகுதியைப் பூட்ட முடியாத கட்டடத்தில் இந்த ஏற்பாடு நடக்காது.

மாலையில் என்ன நடக்கும் என்பதைப் பெரிதாகத் திட்டமிட வேண்டாம். கொங்கு ஊர்களில் வள்ளி கும்மி பழகும் குழுக்கள் இரவில் தெருவிளக்கின் கீழ் ஆடுகின்றன. அவர்களுக்கு வாசல் கிடைத்தால் வருவார்கள். பவானி ஜமுக்காளத்தை விரித்துப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து உடுக்கை அடித்து அண்ணமார் கதையைப் பாடச் சொன்னால், கூட்டத்தைச் சேர்ப்பதைவிடக் கலைப்பதுதான் கடினம். ஜமுக்காளம் பேழைக்குள் ஒன்றும் தரையில் ஒன்றுமாக இருக்கட்டும்.

பணம் யார் தருவது?

கட்டுவதற்குக் கிடைக்கும், நடத்துவதற்குக் கிடைப்பதுதான் அரிது. ஒன்றிய பண்பாட்டு அமைச்சகம் அருங்காட்சியகங்களுக்கு மானியத் திட்டம் வைத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டும் நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மரபுச் சின்னங்களையும் கலையையும் காப்பது அதில் அனுமதிக்கப்பட்ட இனம். ஆலைகளும் பம்புசெட்டுத் தொழிற்சாலைகளும் நிறைந்த நாட்டில் இதற்குப் பஞ்சமில்லை.

ஆனால் நன்கொடையாளர் விரும்புவது பெயர் பொறித்த கூடத்தை. காப்பாட்சியரின் சம்பளத்துக்கும், பூச்சி மருந்துக்கும், கழிவறை கழுவுபவரின் கூலிக்கும் பெயர்ப்பலகை வைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கட்டுமான நன்கொடையிலும் ஒரு பங்கை வைப்புநிதியாகப் போட்டு அதன் வட்டியைப் பராமரிப்புக்கு ஒதுக்குவது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரின் பணத்தை வாங்காமலிருப்பது நல்லது. ஓட்டை விழுந்த பிறகு கூரையில் பெயர் மட்டும் இருக்கும்.

வண்டி நிறுத்த இடம்?

மரங்களை வெட்டி வேண்டாம். பேருந்து நிறுத்தத்தை வாயிலுக்கு எதிரே மாற்றக் கேட்பது மலிவு.

சிற்றுண்டிச் சாலை இருக்குமா?

இருக்க வேண்டும், ஆனால் வாசலுக்கு வெளியே, தெருப்பக்கத்தில். மகளிர் சுய உதவிக் குழு ஒன்று நடத்தி, காபியும் கம்மங்கூழும் ஒப்புட்டும் தெருக்கடை விலையில் கொடுத்தால் போதும். உயர்விலைக் கடை வந்தால் திண்ணையில் உட்கார்ந்தவர்களை எழுப்பிவிடும் காவலரும் கூடவே வருவார்.

வேலை நடக்கும்போது அருங்காட்சியகம் மூடியிருக்குமா?

பாதிப் பாதியாகச் செய்தால் முழுதும் மூட வேண்டியதில்லை. முதலில் வைப்பறையைக் கட்டி முடித்து, பொருள்களை அங்கே மாற்றி, பிறகு ஒவ்வொரு கூடமாகக் கைவைக்கலாம். பொருள்கள் இருக்கும் கூடத்திலேயே தரையை வெட்டுவது, அறுப்பது போன்ற வேலைகளை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்தக் காலத்தில் தேர்ந்தெடுத்த பொருள்களின் படிகளைப் பெட்டியில் வைத்துப் பள்ளிகளுக்கும் சந்தைகளுக்கும் எடுத்துச் செல்லலாம். அருகில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஏதேனும் இருந்தால், அதிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டுமானம் கூடாது என்பதையும், அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற வேண்டும் என்பதையும் வேலை தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் குழி வெட்டும்போது பழைய பானையும் காசும் கிடைத்தன. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

மண்ணுக்கடியில் கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலிருந்து உள்ள புதையல் சட்டம். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் ஆட்சியருக்குப் போய்ச் சேரும். சொன்னால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்ற பயத்தில் பலர் கிணற்றிலேயே போட்டுவிடுகிறார்கள்; சொல்வதால் மட்டும் நிலம் உங்கள் கையைவிட்டுப் போய்விடாது. நூறாண்டு கடந்த பொருளை வீட்டில் பரம்பரையாக வைத்திருப்பவர்களுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வேறு விதிகளைச் சொல்கிறது. அதை நன்கொடையாகத் தர விரும்பினால் காப்பாட்சியரிடம் ஒப்புகைச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்கள் வரும்வரை பானையைத் தூக்காமல், கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவையுங்கள். கழுவ வேண்டாம். உள்ளே இருக்கும் மண்ணைத் தட்டிக் கொட்டிவிடவும் வேண்டாம். பழனிக்கு அருகே பொருந்தலில் ஈமச்சின்னத்தில் இருந்த ஜாடி ஒன்றுக்குள் கிடைத்த நெல்மணிகளைச் சோதித்துத்தான் அவை கி.மு. 490ஐச் சேர்ந்தவை என்று கணித்தார்கள்.